நடுச் சாலையில் நின்ற கால்வாய்

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவரை அக்கம்பக்கத்தில் மைக் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதமாக வரும் என்று ஊருக்கே சொன்ன குரல் அவருடையது. தாமதத்தைக்கூட மரியாதை குறையாமல் சொல்லுவார் என்று பேர். ஓய்வு பெற்ற புதிதில் அவர் பேச்சே குறைந்துபோனது. சோறு போதும் என்பதைக்கூடக் கையை ஆட்டித்தான் சொன்னார்.

அந்தக் குரலைத் திரும்ப வேலைக்கு இழுத்து வந்தவள் மகள். கல்லூரியில் நகர வரலாறு நடத்துகிறவள். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். நாற்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். அவள் எழுதிய கட்டுரைகள் கனமான சஞ்சிகைகளில் வந்தன. "படிக்கிறவங்க எல்லாரும் எனக்கு நேர்ல தெரிஞ்சவங்க, அதுல பாதிப் பேர் என்கூட சண்டை" என்று ஒருநாள் சலித்துக்கொண்டவள், இனிமேல் கண்டுபிடிப்பதை வீடியோவாகவும் செய்வது என்று முடிவெடுத்தாள். கட்டுரையில் இருக்கும் ஆதாரம் ஒன்றுகூடக் குறையக் கூடாது, ஆனால் கடைத்தெருவில் நிற்கிறவருக்கும் புரிய வேண்டும் என்பது அவள் போட்டுக்கொண்ட விதி.

படம் பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் அவள் கணவர் இருந்தார். பள்ளியில் வேதியியல் ஆசிரியர். கேமரா அவருக்குப் பழைய பைத்தியம். குரலுக்குத்தான் ஆள் இல்லை. மகள் தானே பேசிப் பார்த்தாள். வகுப்பெடுப்பது போலவே வந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "வீட்டுலயே ஒரு மைக் இருக்கே" என்றார்.

பின்னறையில் படுக்கைகளை அடுக்கி வைக்கும் மூலையில் பதிவு நடந்தது. ஜன்னலில் இரண்டு போர்வை, கதவுக்கடியில் சுருட்டி வைத்த துண்டு, கிரீச் என்று கத்தாத ஒரே நாற்காலி. மின்விசிறி ஓடக் கூடாது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மாப்பிள்ளை கையைத் தூக்குவார், எல்லோரும் மூச்சுவிடாமல் நிற்பார்கள். மாமனார் ஒரு சொல்லைத் தவறாகப் படித்துவிட்டால் அதை எப்படிச் சொல்வது என்று மாப்பிள்ளை படும் பாடு தனிக் கதை. "மாமா, அந்த வரி பிரமாதம். இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு" என்பார். மாமா சிரித்துக்கொண்டே திருத்திப் படிப்பார்.

நீதிமன்றத்தைப் பற்றி ஒன்று செய்தார்கள். நீதிபதிக்கு ஒரு வாசலும் வழக்குக்கு வந்தவர்களுக்கு வேறொரு வாசலும் ஏன் வைத்தார்கள், இருவரும் வழியில் சந்தித்துக்கொள்ளாதபடி நடைகளை எப்படிப் பிரித்தார்கள் என்பதை மகள் ஒவ்வொரு படிக்கட்டாகக் காட்டினாள். சுங்க மாளிகையைப் பற்றி ஒன்று வந்தது. கடல் பக்கம் மட்டும் தூண்கள் ஏன், ஊர் பக்கம் வெறும் சுவர் ஏன் என்பது அதில் கேள்வி. பார்க்கிறவர்கள் பெருகினார்கள். மளிகைக் கடையில் ஒருவர், "நீங்கதானே அந்தத் தூண் வீடியோல பேசறது?" என்று கேட்டபோது மைக் மாமா, வாங்க வந்ததை மறந்துவிட்டு வீடு திரும்பினார்.

அடுத்ததாக மகள் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது?"

"அடுத்த வீடியோப்பா."

"சாக்கடையா?"

"சாக்கடைதான்."

"ஊர்ல எத்தனை மாளிகை இருக்கு. மணிக்கூண்டு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு..."

"மணிக்கூண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியுது. அதைக் காட்டறதுக்கு நான் எதுக்கு?"

"முதல் பக்கத்துலயே மலம்னு போட்டிருக்க. இத்தனை வருஷம் மைக் முன்னாடி உக்காந்திருக்கேன். ஒரு தடவைகூட அந்த வார்த்தை என் வாயில வந்ததில்ல."

"அந்தக் காலத்து சுகாதார அறிக்கைல அப்படித்தாம்பா இருக்கு. அதை மாத்த எனக்கு உரிமை இல்ல."

மாப்பிள்ளை சமாதானமாக, "வேணும்னா கழிவுன்னு வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஊரை நடுவில் ஒரு அகலமான சாலை பிரிக்கிறது. ஆற்றுப் பக்கம் துரைமார் இருந்த பகுதி. பெரிய வளாகங்கள், வங்கி, மாளிகைகள். சாலைக்கு இந்தப் பக்கம் நெருக்கமான பழைய தெருக்கள். அதில் ஒரு தெருவில், மைக் மாமா பிறந்த வீட்டில், அவர் தங்கை இருந்தாள், வீட்டிலேயே தையல் கடை. மழை வந்தால் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர். துணிக்கட்டுகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "எங்க வீட்டுக்குச் சொல்லாம கொள்ளாம வர்ற விருந்தாளி இது ஒண்ணுதான்" என்று அத்தை சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தையல் மிஷினை மேஜைமேல் தூக்கி வைப்பாள். மகள் சின்ன வயதில் அந்தத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறாள். பெரியவளான பிறகு, இது ஏன் இந்தத் தெருவில் மட்டும் நிற்கிறது என்ற கேள்வி அவளை விடவில்லை.

மாநகராட்சி அந்தத் தெருமுனையில் ஒரு பலகை வைத்திருந்தது. குப்பை கொட்டிக் கால்வாயை அடைக்காதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஊர் முழுக்க அதைத்தான் நம்பியது. மைக் மாமாவும் நம்பினார்.

"அந்தத் தெருக்காரங்க கொட்டற குப்பைக்கு வெள்ளைக்காரன் என்ன செய்வான்? அவன் கட்டிட்டுத்தான் போனான். நாம அடைச்சு வச்சிருக்கோம்."

"அடைக்கணும்னா முதல்ல கால்வாய் இருக்கணுமேப்பா."

"இல்லங்கறியா?"

"வாங்க, காட்டறேன்."

மறுநாள் காலை அவரை நடக்கக் கூட்டிப்போனாள். ஆற்றங்கரையிலிருந்து தொடங்கி, வங்கி வரை, சாலையில் பதித்த பழைய இரும்பு மூடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். தேய்ந்துபோன தேன்கூட்டு வேலைப்பாடு, நடுவில் வார்ப்படப் பட்டறையின் முத்திரை. கீழே செங்கல்லில் கட்டிய பெரிய கால்வாய் போகிறது என்றாள். நடுச் சாலையைத் தாண்டினார்கள். பழைய தெருக்கள் பக்கம் ஒரு இரும்பு மூடியும் இல்லை. சமீபத்தில் போட்ட சிமெண்டு மூடிகள் மட்டும், அதுவும் தண்ணீர்க் குழாய்க்கு.

"இப்ப வாசலைப் பாருங்கப்பா. துரைமார் பகுதியில வாசல் தரையோட தரையா இருந்துச்சு. இங்க எல்லா பழைய வீட்டுக்கும் உயரமா படி. ஒவ்வொரு படிக்கும் கீழ ஒரு சந்து."

அவர் குனிந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படிகள். அடியில் கல் பாவிய ஒரு ஓடை, பாதி மண் மூடிக் கிடந்தது.

"திறந்த சாக்கடை. அதைத் தாண்டி வீட்டுக்குள்ள போகத்தான் இத்தனை உயரம். கீழ பெரிய கால்வாய் போற ஊர்ல இப்படிப் படி கட்டவேண்டிய அவசியமே இல்ல. அந்தக் கால்வாய் நடுச் சாலையோட நின்னுபோச்சுப்பா. இந்தப் பக்கம் வரவே இல்ல."

அவர் நிமிர்ந்தார். தங்கை வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "போலாம், படிக்கலாம்" என்றார்.

அன்றைக்கு அவர் படித்ததைப் போல அதற்கு முன் படித்ததில்லை. மலம் என்ற சொல் வந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கடைசிப் பகுதியில் இரண்டு வரி இருந்தது. "இந்தத் தெருவின் கால்வாய் அடைபடவில்லை. கட்டப்படவே இல்லை." ஒரு ரயில் ரத்தானதைச் சொல்லும்போது எப்படி நிறுத்தி, தெளிவாக, யாரையும் திட்டாமல் சொல்லுவாரோ அப்படிச் சொன்னார். மாப்பிள்ளை இரண்டாவது தடவை கேட்கவில்லை.

வீடியோவை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை. "நல்ல மாளிகையெல்லாம் இருக்கும்போது இது எதற்கு" என்று சிலர் எழுதினார்கள். சாப்பிடும் நேரத்தில் பார்த்துவிட்டதாக ஒருவர் புகார் சொன்னார். மகளை உலுக்கியது வேறொரு குறிப்பு. அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் எழுதியிருந்தார். இந்த ஊர்க் கால்வாயைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே கால்வாய் ஓடியது என்று சொல்லும் புத்தகம் அது. "வாசற்படிகளை வைத்து அச்சிட்ட வரைபடத்தை மறுப்பது துணிச்சல். துணிச்சல் ஆதாரம் ஆகாது" என்று இரண்டே வாக்கியம்.

மைக் மாமாவுக்கு ரத்தம் கொதித்தது. "இரு, நான் எழுதறேன் பதில்."

"வேணாம்ப்பா. அவர் கேக்கறது நியாயம். அந்த வரைபடத்துல கோடு இந்தத் தெரு வழியாத்தான் போகுது. அது வெறும் திட்டம், கட்டி முடிச்ச பிறகு வரைஞ்சது இல்லன்னு நான் சொல்றேன். ஆனா மண்ணுக்குக் கீழ நானும் பாக்கல, அவரும் பாக்கல."

"அதுக்காக எல்லார் முன்னாடியும் இப்படியா?"

"நாமளும் எல்லார் முன்னாடியும்தானே பேசினோம்."

பேராசிரியரின் குறிப்பை அவள் எல்லாக் கருத்துகளுக்கும் மேலே, முதலில் கண்ணில் படும்படி வைத்தாள். அப்பாவுக்கு அது புரியவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்து, கோபத்தை விழுங்கிக்கொண்டார்.

அந்த வருட மழை பலமாக வந்தது. அத்தை தெருவில் தண்ணீர் வழக்கத்தைவிட உயர்ந்து, மேஜையின் காலையும் கடந்தது. மாநகராட்சியில் கோப்பு நகர ஆரம்பித்தது. தெருவைச் சிமெண்டு போட்டு உயர்த்திவிடலாம் என்பது திட்டம். தெரு உயர்ந்தால் வீடுகள் பள்ளத்தில் போகும், தண்ணீர் வாசலோடு நிற்காமல் அடுப்படிக்கே வரும் என்று தெருக்காரர்கள் கத்தினார்கள். "கால்வாயை நீங்களே அடைச்சிட்டு எங்களை என்ன செய்யச் சொல்றீங்க" என்று பதில் வந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்த மகளுக்குப் போன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த பொறியாளர், ஒரு பெண்.

"மேடம், மாநகராட்சிலேருந்து பேசறேன். உங்க சாக்கடை வீடியோவ ஆபீஸ்ல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டினேன்."

மகள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பொறியாளர் நிறுத்தாமல் பேசினாள். "எங்ககிட்ட இருக்கற வரைபடமும் அந்தப் பழைய கோட்டை வச்சு வரைஞ்சதுதான். அதை நம்பி அந்தத் தெருவுல ரெண்டு இடத்துல தோண்டினோம். வெறும் களிமண். இன்னும் ஆழமா போகணும்னு இங்க சொல்றாங்க. இல்லாத ஒண்ண எவ்வளவு ஆழத்துல தேடறது? நீங்க சொல்லுங்க, எந்த மூடியைத் திறக்கணும்?"

"வங்கிக்கு முன்னாடி இருக்கறது. அதுதான் கடைசி மூடி." கொஞ்சம் யோசித்துவிட்டு மகள் சேர்த்துச் சொன்னாள், "எங்க பேராசிரியரையும் கூப்பிடலாமா? அவர் இருக்கும்போது திறந்தா நல்லது."

"அவர் உங்களுக்கு எதிரா எழுதியிருக்காரே."

"அதுக்குத்தான்."

ஒரு விடுமுறை நாள் காலையில் வங்கிக்கு முன்னால் சாலையை மறித்தார்கள். மூடி லேசில் அசையவில்லை. இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பியதும் நாற்றம் குப்பென்று ஏறியது. சக்கரம் வைத்த சின்ன கேமரா ஒன்றை விளக்கோடு கயிற்றில் இறக்கினார்கள். வேனின் பின்பக்கம் திரை. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று மைக் மாமா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பேராசிரியர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை இன்னொரு கேமராவில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் செங்கல் வந்தது. கூர்முனை கீழே வரும்படி நிறுத்திய முட்டை போன்ற வடிவம், உள்ளே ஒரு ஆள் குனிந்து நடக்கும் அளவு. இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு கல் பெயரவில்லை. அடியில் ஒடுங்கிய தண்ணீர். கேமரா நடுச் சாலைக்கு அடியில் ஊர்ந்தது. எல்லோரும் திரையையே பார்த்தார்கள். விளக்கொளி எதிலோ பட்டுத் திரும்பியது.

"அடைப்பு மேடம்" என்றான் கேமராவை ஓட்டியவன்.

"கொஞ்சம் கிட்ட போக முடியுமா?" என்றாள் மகள்.

போனது. அடைப்பு இல்லை. சுவர். வரிசை வரிசையாகச் செங்கல் வைத்து, இடையில் சாந்து பூசி, ஓரம் வரை ஒழுங்காகக் கட்டிய சுவர்.

"இது இடிஞ்சு விழுந்தது இல்ல" என்றாள். திரையில் விரலை வைத்தாள். "கட்டி முடிச்சது."

பேராசிரியர் முதல் தடவையாக வாய் திறந்தார். "இடது பக்க மூலையக் காட்டச் சொல்லும்மா. பின்னாடி யாரோ வந்து அடைச்சிருந்தா, சுவர் கால்வாயோட சேர்ற இடத்துல வெட்டின தடம் இருக்கணும்."

கேமரா திரும்பியது. அவர் குடைக்குள் தலையை நீட்டி, திரையோடு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். மைக் மாமா குடையை அவர் பக்கம் சாய்த்தார்.

"சுவர்ச் செங்கல்லும் கால்வாய்ச் செங்கல்லும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னியிருக்கு" என்றார் பேராசிரியர். "கால்வாய் கட்டின கைதான் சுவரையும் கட்டியிருக்கு. அன்னைக்கே." நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "நான் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லம்மா. வரைபடத்துல கோடு இருந்துச்சு, எழுதிட்டேன்."

"அந்த வரைபடம் இல்லன்னா நான் தேடியே இருக்க மாட்டேன் சார்."

"அது உன் நல்ல குணம். புத்தகத்தோட அடுத்த பதிப்புல அந்த அத்தியாயத்த மாத்தி எழுதறேன். உன் வீடியோவ ஆதாரமா காட்டறேன். எப்படிக் காட்டறதுன்னு நீதான் சொல்லித் தரணும், எனக்கு இந்தச் சமாச்சாரம் தெரியாது." பிறகு குடைக்காரரிடம் திரும்பி, "அதுல பேசறது யாருங்க?" என்றார்.

"நான்தாங்க."

"நல்லா நிறுத்திப் படிச்சிருந்தீங்க. எனக்குக் கோபம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்."

மைக் மாமாவுக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

அந்த வாரமே பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தெருக்காரர்கள் சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தார்கள். வீடியோவையும் கேமராவில் தெரிந்த சுவரையும் திரையில் காட்டினார்கள். படி, ஓடை, மூடி, சுவர் என்று ஒவ்வொன்றாக வரவர மண்டபம் அடங்கியது. சின்னக் குழந்தைகூட அழவில்லை. சுவர் தெரிந்ததும் பின்வரிசையில் யாரோ, "அடப்பாவிகளா" என்று மெதுவாகச் சொன்னார்.

பொறியாளர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்து பேசினாள். தெருவை உயர்த்தும் திட்டம் கைவிடப்படுகிறது. சுவரைத் திறந்து கால்வாயை இந்தப் பக்கம் நீட்டப்போகிறோம். உள்ளே அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கட்டினவர்கள் மனசு வைத்திருந்தால் அன்றைக்கே நீட்டியிருக்கலாம்.

அத்தை எழுந்தாள். தோளில் அளவு நாடா அப்படியே தொங்கியது, கடையை விட்டு நேராக வந்திருந்தாள்.

"அப்ப குப்பையால அடைச்சது இல்ல. எங்க மேல தப்பு இல்லங்கறீங்க."

"இல்லம்மா. உங்க மேல தப்பு இல்ல."

"அதை மைக்ல சொல்லுங்க."

பொறியாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு மேடையேறி, மைக்கைத் தட்டிப் பார்த்து, தெருவின் பெயரையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொன்னாள். தண்ணீர் நின்றதற்கு அந்தத் தெருக்காரர்கள் காரணம் அல்ல, ஒருபோதும் அவர்கள் காரணமாக இருந்ததில்லை. யாரும் கைதட்டவில்லை. அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தி, உட்கார்ந்தாள். அவளைச் சுற்றியிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மைக் மாமா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலை இழுத்துக்கொண்டுதான் போனது. தோண்டிய குழியில் லாரி ஒன்று சக்கரம் இறங்கி நின்றது, அத்தை வீட்டுக்கு ஒரு வாரம் குழாய்த் தண்ணீர் இல்லை. ஆனால் அடுத்த மழைக்குமுன் புதிய கால்வாய் பழையதோடு சேர்ந்துவிட்டது. அந்த மழை ஒரு நாள் பின்மதியம் கொட்டியது. தெருவில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது, கொஞ்ச நேரம் சுழன்றது, பிறகு முனையிலிருந்த கம்பி வலைக்குள் கொரகொரவென்று இறங்க ஆரம்பித்தது. ஜனங்கள் குடையும் கோணிச் சாக்குமாக வெளியே வந்து, தண்ணீர் போவதை நின்று பார்த்தார்கள்.

மகள் அங்கே இருந்தாள். தெரியாத ஒரு கும்பல் அவளைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டது. அந்தச் சுவர் எங்கே இருந்தது, அவர்கள் ஏன் நிறுத்தினார்கள், பணம் தீர்ந்ததா, மனசு இல்லையா. தெரிந்ததை இது தெரியும் என்றும், தெரியாததை இது இன்னும் தெரியாது என்றும் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழையில் தலை நனைந்து, செருப்பில் சேறு அப்பியிருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர் மைக் மாமாவிடம் கேட்டார்.

"யாருங்க அந்த அம்மா? அதிகாரியா?"

"இல்லீங்க" என்றார் அவர். "எம் பொண்ணு."